தோப்பு மோட்டாருக்கு ஒரு டிஎஸ்பி போர்டு: பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொள்ளாச்சியில் தொடங்கி கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி கொழிஞ்சாம்பாறை வரைக்கும் தென்னந்தோப்பு. தோப்புக்குத் தோப்பு போர்வெல் மோட்டார். தண்ணீர் கீழே இறங்கிய பிறகும் மோட்டார் ஓடினால் காயில் போய்விடும். கரண்டையும் வோல்டேஜையும் கவனித்து மோட்டாரை நிறுத்தும் ஒரு சின்ன போர்டு, இந்தப் பக்கத்து மாணவர்கள் ரியல் டைம் டிஎஸ்பி (சிக்னலை எண்ணாக்கி, அது வரவர உடனுக்குடன் கணக்கிடும் டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங்) பழக நல்ல முதல் வேலை. சிக்னல் வெறும் 50 ஹெர்ட்ஸ்தான். ஆனாலும் மேசையில் ஒழுங்காக ஓடிய போர்டு தோப்பில் தடுமாறும். ஃபில்டர் சூத்திரத்தில் தவறு இருப்பது அபூர்வம். சூத்திரத்துக்கு முன்னால் இருக்கும் கம்பியிலோ, அது ஓடும் நேரத்திலோ, எண்ணை அடைக்கும் பிட்டுகளிலோதான் கோளாறு இருக்கும்.

கம்பியில் இருந்து ஆரம்பிக்கலாம். மூன்று பேஸ் ஒயரும் சேர்ந்த கேபிள் மேல் கிளாம்ப் சிடியை (ஒயரைச் சுற்றிக் கவ்வி கரண்டை அளக்கும் கரண்ட் டிரான்ஸ்பார்மர்) மாட்டினால் அளவு பூஜ்ஜியத்தை ஒட்டியே வரும். மூன்று கரண்டும் கூடினால் பூஜ்ஜியம். ஒரே ஒரு பேஸ் ஒயர்தான் உள்ளே போக வேண்டும். அடுத்தது பர்டன் ரெசிஸ்டர், அதாவது சிடி தரும் கரண்டை வோல்டேஜாக மாற்றும் ரெசிஸ்டர். 100 ஆம்பியருக்கு 50 மில்லி ஆம்பியர் தரும் எஸ்சிடி-013 சிடிக்கு 33 ஓம் என்று பல சர்க்யூட்டுகளில் பார்ப்பீர்கள். அது 5 வோல்ட் போர்டுக்கு. 3.3 வோல்ட் போர்டில் நடுப்புள்ளி 1.65 வோல்ட், 33 ஓமில் உச்சம் 2.33 வோல்ட் வந்து வெட்டுப்படும். 22 ஓம் போட்டால் 1.56 வோல்ட்டில் நிற்கும். ஆனால் 7.5 ஹெச்பி மோட்டார் எடுப்பதோ பத்துப் பதினோரு ஆம்பியர், அதாவது ஏடிசியின் (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) வீச்சில் பத்தில் ஒரு பங்கு. மெயினை அணைத்துவிட்டு அந்த ஒயரையே சிடிக்குள் ஐந்து சுற்று விட்டால் சிக்னல் ஐந்து மடங்காகும். ஸ்டார்ட்டிங் கரண்ட் அப்போது எல்லை மீறும் என்பதால், ஏடிசி பின்னுக்கு முன்னால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் கிளாம்ப் டையோடுகளும் கட்டாயம்.

மெயின் லூப்பில் டிலே போட்டு ஏடிசியைப் படிப்பது எல்லோரும் முதலில் செய்வது. சாம்பிள்களுக்கு இடையிலான நேரம் ஒவ்வொரு முறையும் மாறும்; அந்த மாற்றமே இரைச்சலாகச் சிக்னலில் ஏறும். டைமர்தான் ஏடிசியைத் தட்டிவிட வேண்டும், டிஎம்ஏ (ப்ராசசரைத் தொந்தரவு செய்யாமல் தரவை நகர்த்தும் பகுதி) அதை நினைவகத்தில் எழுத வேண்டும்.

சாம்பிள் வேகத்தில் இன்னொரு குழி இருக்கிறது. 50 ஹெர்ட்ஸுக்கு 1,000 ஹெர்ட்ஸ் தாராளம் என்று தோன்றும். பக்கத்து நார் மில்லில் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) ஓடுகிறது என்று வையுங்கள். ஆறு டையோடு ரெக்டிபையர் 5, 7, 11, 13, 17, 19-ஆம் ஹார்மோனிக்குகளை (50 ஹெர்ட்ஸின் அத்தனை மடங்கு அலைகளை) லைனில் விடும். 19-ஆம் ஹார்மோனிக் 950 ஹெர்ட்ஸ். 1,000-இல் சாம்பிள் எடுத்தால் அது மடங்கி மிகச் சரியாக 50 ஹெர்ட்ஸாக வந்து உட்காரும். அதன் பிறகு எந்த ஃபில்டராலும் இரண்டையும் பிரிக்க முடியாது. 1 கிலோ ஓம், 100 நானோ ஃபாரட் ஆர்சி ஃபில்டர் 1.6 கிலோஹெர்ட்ஸ் அருகில்தான் வெட்டத் தொடங்கும், 950-ஐத் தடுக்காது. 8,000-இல் சாம்பிள் எடுத்து, எஃப்ஐஆர் ஃபில்டரால் (உள்ளீட்டுச் சாம்பிள்களை மட்டும் வைத்துக் கணக்கிடும் டிஜிட்டல் ஃபில்டர்) 400 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை நீக்கி, அப்புறம் 1,000-க்குக் குறையுங்கள்.

கரண்ட் குறைந்தால் தண்ணீர் இல்லை என்று மட்டும் எழுதுவது போதாது. சுமை போனாலும் காந்தமாக்கும் கரண்ட் அப்படியே இருக்கும். விழுவது பவர் ஃபேக்டர், அதாவது வோல்டேஜ் அலையும் கரண்ட் அலையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு. ஆகவே வோல்டேஜும் வேண்டும், இரண்டும் ஒரே கணத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். ஒரே ஏடிசியில் மாற்றி மாற்றிப் படித்து 100 மைக்ரோ விநாடி இடைவெளி விழுந்தால் 1.8 டிகிரி பிழை. சின்னதாகத் தெரியும். பவர் ஃபேக்டர் 0.5-க்கு இறங்கும்போது அதே 1.8 டிகிரி, வாட் கணக்கில் 5 சதவீதத்துக்கு மேல் தப்பாகக் காட்டும். நமக்குத் துல்லியம் தேவைப்படுவதே அந்த நேரத்தில்தான். எஸ்டிஎம்32எஃப்407 மைக்ரோகண்ட்ரோலரில் மூன்று ஏடிசி உண்டு. ஒரே சமயத்தில் படிக்கும் மோடை இயக்குங்கள்.

இனி நேரம். 8,000 சாம்பிள் என்றால் ஒன்றுக்கு 125 மைக்ரோ விநாடி. 168 மெகாஹெர்ட்ஸில் 21,000 சைக்கிள். தாராளம்தான், இன்டரப்டுக்குள் (ஓடும் வேலையை இடைமறித்து ஓடும் சிறு நிரல்) எழுத்தை அனுப்பும் பிரிண்ட்எஃப் வைக்காதவரை. 115200 பாட் ரேட்டில் ஓர் எழுத்து போக 87 மைக்ரோ விநாடி ஆகும். பத்து எழுத்து எழுதி முடிப்பதற்குள் ஏழு சாம்பிள் கடந்திருக்கும். டிஎம்ஏ பஃபரை இரண்டு பாதியாக வையுங்கள், பாதிக்கு 160 சாம்பிள்: அது 20 மில்லி விநாடி, 50 ஹெர்ட்ஸின் ஒரு முழுச் சுற்று. இன்டரப்டில் கொடி மட்டும் ஏற்றுங்கள், கணக்கு மெயின் லூப்பில் நடக்கட்டும். அந்தக் கணக்கு எடுக்கும் நேரத்தை டிடபிள்யூடி சைக்கிள் கவுண்டரால் (சிப்புக்குள்ளேயே சைக்கிள்களை எண்ணும் பகுதி) அளக்கும்போது சராசரியை விட்டுவிட்டு, ஒரு மணி நேரத்தில் வந்த அதிகபட்சத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் 20 மில்லி விநாடிக்குள் அடங்க வேண்டும்.

பேரிங் கோளாறைத் தேட 50 ஹெர்ட்ஸை நாட்ச் ஃபில்டரால் (ஒரே ஓர் அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் ஃபில்டர்) நீக்குவது அடுத்த கட்டம். ஆடியோ எடுத்துக்காட்டைக் காப்பி அடித்து 48 கிலோஹெர்ட்ஸில், 16 பிட் எண்ணில் எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஃபில்டர் சூத்திரத்தில் பெருக்கும் எண்ணான கெழு 1.999957 ஆக இருக்க வேண்டும். 2-ஐ நெருங்கும் எண் என்பதால் க்யூ14 வடிவம்தான் (16 பிட்டில் 14 பிட் பின்னத்துக்கு) கொள்ளும். அதில் ஒரு படி 0.000061. கிட்டத்தட்ட 1.999939 என்று வட்டமாகும். நாட்ச் 50-இல் நிற்காமல் 60 ஹெர்ட்ஸ் அருகே போய்விடும். அதற்கு அடுத்த படி 0 ஹெர்ட்ஸ். நடுவில் ஒன்றுமே கிடையாது. சாம்பிள் வேகத்தை முதலில் 1,000-க்குக் குறைத்தால் கெழு 1.902 ஆகும், 16 பிட்டே போதும்.

ஃப்ளோட்டில் எழுதினால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் இந்தச் சிப்பின் ப்ராசசரான கார்ட்டெக்ஸ்-எம்4-இன் எஃப்பியூ (ஃப்ளோட் கணக்குப் பகுதி) ஒற்றைத் துல்லியம் மட்டுமே செய்யும். 0.5 என்று எழுதினால் சி மொழியில் அது டபுள்; மென்பொருளில் மெதுவாக ஓடும். பின்னால் எஃப் எழுத்தைச் சேருங்கள், டபுளுக்கு மாறுவதை எச்சரிக்கும் கம்பைலர் தெரிவையும் போடுங்கள். ஏஆர்எம்மின் டிஎஸ்பி நூலகமான சிஎம்எஸ்ஐஎஸ்-டிஎஸ்பியின் பைக்வாட் (இரண்டாம் படி) ஃபில்டரில் ஏ1, ஏ2 கெழுக்களின் குறி மேட்லாப், சைபை தருவதற்கு நேரெதிர். குறியை மாற்றாமல் ஒட்டினால் ஃபில்டர் பெரும்பாலும் சில சாம்பிள்களிலேயே வெடித்துச் சிதறும்.

எஃப்407-இன் 64 கேபி சிசிஎம் நினைவகத்தை (ப்ராசசருடன் நேரடியாக இணைந்த தனி நினைவகம்) டிஎம்ஏ தொட முடியாது. பஃபரை அங்கே வைத்தால் சாம்பிள் எதுவும் வந்து சேராது.

ஆடிக்காற்றில் கரண்ட் போய்ப் போய் வரும் நாட்களில் கடைசித் தவறு தெரியும். போர்டு விழித்ததும், நடுப்புள்ளி வோல்டேஜை நீக்க வைத்த ஹைபாஸ் ஃபில்டருக்குள் 1.65 வோல்ட் திடீரென்று நுழையும். 1 ஹெர்ட்ஸ் ஃபில்டர் அடங்க ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். அதற்குள் டிரிப் (மோட்டாரை நிறுத்தும்) முடிவை எடுத்தால் நல்ல மோட்டாரையும் நிறுத்தும். 12 பிட் ஏடிசியின் நடுமதிப்பு 2048-ஐ ஃபில்டரின் பழைய உள்ளீட்டு இடங்களில் முன்கூட்டியே நிரப்புங்கள். மோட்டார் ஸ்டார்ட் ஆன முதல் 5 விநாடி டிரிப் கணக்கைத் தொடாதீர்கள்.