இயக்கமும் விசையும்: கணக்குக்கு முன் படம் போடுங்கள்

11 ஆம் வகுப்பு இயற்பியலில் இயக்கவியல், இயக்க விதிகள் ஆகிய இரண்டு அலகுகளிலும் சூத்திரம் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறார்கள். எந்த விசை எதன்மேல், எந்தப் பக்கம் செயல்படுகிறது என்று பார்க்காமல் எண்களைப் போட்டுவிடுவதே காரணம். அதனால் பென்சிலும் வெள்ளைத்தாளுமாக உட்காருங்கள். கீழே உள்ள கணக்குகளில் புவிஈர்ப்பு முடுக்கம் 10 மீ/வி².

முதலில் குறிகள். 25 மீ உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து 20 மீ/வி வேகத்தில் ஒரு பந்தை மேல்நோக்கி எறிகிறோம். தரையைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்? படத்தின் ஓரத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு போட்டு 'நேர்' என்று எழுதுங்கள். பந்து கடைசியில் சேரும் இடம் புறப்பட்ட இடத்துக்குக் கீழே. எனவே இடப்பெயர்ச்சி −25, முடுக்கம் −10. நேரத்தை 'ந' என்று வைத்தால் −25 = 20ந − 5ந². விடை 5 வினாடி. இடப்பெயர்ச்சியை +25 என்று போட்டால் வர்க்கமூலத்துக்குள் எதிர்க்குறி எண் வந்து நிற்கும். அப்படி வந்தால் கணக்கை அடித்துவிடாதீர்கள், குறியைத் திரும்பப் பாருங்கள்.

வரைபட வினாக்களுக்கு இரண்டே விஷயம் போதும். திசைவேகம்–நேரம் வரைபடத்தில் சாய்வு முடுக்கத்தைத் தரும், கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு இடப்பெயர்ச்சியைத் தரும்.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது உராய்வுக்கு. 10 கிலோ பெட்டி சமதளத்தில் இருக்கிறது. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5, இயக்க உராய்வுக் குணகம் 0.4. கிடையாக 30 நியூட்டன் விசையால் தள்ளினால் உராய்வு விசை எவ்வளவு? பெட்டியின் எடை 10 × 10 = 100 நியூட்டன் என்பதால், நிறைய பேர் 0.5 × 100 = 50 நியூட்டன் என்று எழுதிவிடுவார்கள். அப்படியானால் பெட்டி தள்ளியவரை நோக்கியே நகர்ந்துவர வேண்டும்! 50 என்பது உராய்வின் உச்ச அளவு மட்டுமே. 30 கொடுத்தால் உராய்வும் 30, பெட்டி அசையாது. 60 கொடுத்தால் நகரும். அப்போது இயக்க உராய்வு 40, நிகர விசை 20, முடுக்கம் 2 மீ/வி². ஆகவே உராய்வுக் கணக்கு எதுவானாலும் முதல் கேள்வி இதுதான்: பொருள் நகருமா, நகராதா?

அதே பெட்டியை 30° சாய்தளத்தில் வையுங்கள். தனித்த பொருளின் விசைப்படத்தில் (பெட்டியின்மேல் செயல்படும் விசைகளை மட்டும் காட்டும் படம்) மூன்றே அம்புகள்: எடை நேர் கீழாக, செங்குத்து விசை (தளம் பெட்டியைத் தாங்கும் விசை) தளத்துக்குச் செங்குத்தாக, உராய்வு தளத்தின் வழியே மேல்நோக்கி. அச்சுகளைத் தளத்தோடு சாய்த்துப் போட்டால் எடையை மட்டும் கூறுகளாகப் பிரித்தால் போதும். தளத்தின் வழியே 50, தளத்துக்குச் செங்குத்தாக 86.6 நியூட்டன். இங்கே செங்குத்து விசை 100 என்று போடுவதுதான் வழக்கமான பிழை. உச்ச உராய்வு 43.3தான், 50ஐத் தாங்காது. பெட்டி சறுக்கும். அப்போது இயக்க உராய்வு 0.4 × 86.6, அதாவது ஏறத்தாழ 34.6; முடுக்கம் ஏறத்தாழ 1.54 மீ/வி².

கப்பிக் கணக்கில் ஒவ்வொரு நிறைக்கும் தனிப்படம், தனிச்சமன்பாடு. கயிறும் கப்பியும் நிறையற்றவை, உராய்வில்லை என்றால், 3 கிலோவும் 2 கிலோவும் தொங்கும்போது முடுக்கம் 2 மீ/வி², இழுவிசை 24 நியூட்டன். இழுவிசை இரண்டு எடைகளுக்கும் நடுவில், அதாவது 20க்கும் 30க்கும் இடையில் இருக்க வேண்டும். வெளியே போனால் எங்கோ குறி மாறியிருக்கிறது.

நியூட்டனின் மூன்றாம் விதியில் ஒரு குழப்பம் ஆண்டுதோறும் வரும். மேசைமேல் உள்ள புத்தகத்தின் எடையும் மேசை தரும் செங்குத்து விசையும் செயல்–எதிர்ச்செயல் இணை அல்ல. இரண்டும் ஒரே புத்தகத்தின்மேல் செயல்படுகின்றன. இணையோ எப்போதும் இரு வெவ்வேறு பொருள்களின்மேல் செயல்படும். எடைக்கு இணை, புத்தகம் பூமியை இழுக்கும் விசை.

எறிபொருளின் பாதை பரவளையம் என்று நிறுவுவது போன்ற 5 மதிப்பெண் வருவித்தல்களைக் கண்ணால் வாசித்துப் பயனில்லை. புத்தகத்தை மூடி, படத்தோடு முழுவதும் எழுதுங்கள். தடுமாறிய வரியைச் சிவப்பில் குறித்து, இரண்டு நாள் கழித்து அந்த வரிக்கு முந்தைய படியிலிருந்து மறுபடி எழுதிப் பாருங்கள். எறிபொருளின் இயக்கத்தைக் கிடைத்தளம், செங்குத்து என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினால், கிடைத்தள முடுக்கம் சுழி என்பதை மறக்கும் வாய்ப்பு குறையும்.