விட்டுப்போன பல் மருத்துவர் பதிவைப் புதுப்பிக்க: இனிஷியலில் கவனம்

நான் பல் மருத்துவர். பிள்ளைகள் பிறந்த பிறகு நான்கு வருடம் கிளினிக் பக்கமே போகவில்லை. காரைக்குடியில் மறுபடி உட்காரலாம் என்றபோதுதான் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டது உறைத்தது. புதுப்பிப்புக் கட்டணம் கட்டாதவர் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். திரும்பச் சேர்க்கவும் வழி உண்டு. அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் பெயர் திரும்ப ஏறும்வரை ஒரு பல்லைக்கூடத் தொடாதீர்கள், சொந்தக்காரரே வலியோடு வந்து நின்றாலும்.

1. பதிவு எண்ணையும் கடைசி ரசீதையும் தேடி எடுங்கள். என் ரசீது பள்ளத்தூர் வீட்டு இரண்டாம் கட்டில், ஆச்சியின் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது, நல்லவேளை, எண் தப்பியிருந்தது.

2. தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் தளத்தில் இன்றைய கட்டணத்தைப் பாருங்கள். விட்டுப்போன வருடங்களின் பாக்கியோடு மீள்சேர்ப்புக் கட்டணமும் சேரும். தோழி சொன்ன பழைய தொகையை நம்பாதீர்கள்.

3. பெயர். எனக்கு மூன்று வாரம் போனது இங்கேதான். நம் பக்கத்து இனிஷியல் ஒற்றை எழுத்தோடு நிற்பதில்லையே. அப்பா பழனியப்பன், தமிழில் 'பழ.', பி.டி.எஸ். பட்டத்தில் 'பிஎல்', ஆதாரில் முழுப் பெயர், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர். பார்ப்பவருக்கு மூன்று பெண்கள்! விண்ணப்பம் நின்றுவிட்டது. மூன்று பெயரையும் எழுதி, எல்லாம் என் ஒருத்தியையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் நோட்டரி அஃபிடவிட் கொடுத்த பிறகே நகர்ந்தது. அதிலும் முதல் தடவை தட்டச்சில் 'பிஎல்' வெறும் 'பி' ஆகியிருந்தது. பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

4. தொடர் கல்விச் சான்றுகள், அதாவது பட்டத்துக்குப் பிறகு கலந்துகொண்ட பயிற்சிகளுக்குக் கிடைத்தவை. ஒவ்வொன்றிலும் புள்ளிகளும் உங்கள் பதிவு எண்ணும் இருக்கின்றனவா பாருங்கள்.

5. ஸ்கேன் செய்ய எனக்குக் கடையைவிடப் போனில் அடோபி ஸ்கேன்தான் பிடிக்கும். மங்கலாக விழுந்தால் அங்கேயே மறுபடி எடுக்கலாம். நேரில் போக வேண்டியிருந்தால் அசல்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். கவுன்சில் இருப்பது சென்னையில்; பல்லவன் ரயில் அங்கே சேர மதியமாகிவிடும். முந்தின ராத்திரி வண்டியே தேவலை.

பின்சேர்க்கை: தேவகோட்டையிலிருந்து ஒருவர், பெங்களூரில் பதிவு செய்து அங்கேயே விட்டுப்போனால் என்ன செய்வது என்று கேட்டார். முதலில் கர்நாடகக் கவுன்சிலில் பாக்கியைத் தீர்த்து, தடையில்லாச் சான்று வாங்குங்கள். அப்புறம்தான் இங்கே மாற்றல் விண்ணப்பம். அவர் பெயருக்கு முன்னாலும் 'அரு.' இருந்தது. மூன்றாவது படியை இன்னொரு தடவை படிக்கச் சொல்லியிருக்கிறேன்.