எட்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே ஓடுங்கள்

ஓட ஆரம்பித்தபோது எனக்கு வயது 44. இருபது வருடம் அஞ்சலகக் கவுண்ட்டரில் உட்கார்ந்தே பழகிய உடம்பு. வீடு திருவல்லிக்கேணி என்பதால் மெரினாதான் மைதானம். முதல் நாள் மூன்றாவது நிமிடத்திலேயே மூச்சு வாங்கி, உழைப்பாளர் சிலையின் நிழலில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது அங்கிருந்து கலங்கரை விளக்கம் போய்த் திரும்புகிறேன்; ஏறத்தாழ ஐந்தரை கிலோமீட்டர்.

புதிதாக வருபவர்கள் தூரத்தை மறந்துவிடுங்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படிப் பத்து முறை. வாரத்துக்கு மூன்று நாள் போதும். இது சுலபமாகத் தோன்றும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். எனக்கு அதற்கே ஐந்து வாரம் ஆனது.

வேகம் சரியா என்று பார்க்க விலை உயர்ந்த கைக்கடிகாரம் வேண்டாம். எட்டாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடுங்கள். எட்டெட்டு அறுபத்து நான்கு வருவதற்குள் மூச்சு திணறினால் வேகம் அதிகம். (வாக்கிங் வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.)

உழைப்பு என்றால் தினமும் நாக்குத் தள்ள ஓடுவது என்று நானும் நம்பியவள்தான். மூன்றாம் மாதம் வாரத்தில் ஆறு நாளும் முழு வேகத்தில் ஓடினேன். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பை ஒட்டி வலி பிடித்தது. மாடிப்படி இறங்கும்போது கண்ணில் நீர் வந்தது. ஐந்து வாரம் ஓட்டமே கிடையாது. அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை மட்டும்தான் கடுமையான ஓட்டம்: இரண்டு நிமிடம் வேகமாக, இரண்டு நிமிடம் மெதுவாக, ஆறு முறை. மற்ற நாட்களில் வாய்ப்பாட்டு வேகம்தான்.

செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸாட்டோபெக் 400 மீட்டரை வேகமாக ஓடி, நடுவில் மெல்ல ஓடி, மறுபடி வேகமாக ஓடி என்று பயிற்சி செய்தவர். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றார்; அதுதான் அவர் ஓடிய முதல் மாரத்தான். அவர் எத்தனை முறை ஓடினார் என்ற கணக்கை விட்டுவிடுங்கள், நமக்கு அது ஆகாது. நடுவில் வரும் அந்த மெல்லோட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தேதி, ஓடிய நிமிடம், எங்கே வலி என்று மூன்றே விஷயம் எழுதுங்கள். ஒரே இடத்து வலி இரண்டு நாள் தொடர்ந்தால் மூன்றாம் நாள் நடை மட்டும்.

சோம்பல் வரும் நாளுக்கு என்னிடம் ஒரு வழி உண்டு. ஷூவைக் கட்டிக்கொண்டு தெருமுனை வரை போவேன். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடலாம் என்று எனக்கு நானே அனுமதி கொடுத்திருக்கிறேன். போன வருடம் திரும்பியது இரண்டே முறை. ஒரு முறை தெருநாய்கள்தான் காரணம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஷூ நனையும். வெயிலில் போட்டால் அடிப்பாகத்தின் பசை விட்டுவிடும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். இரவு படுக்கும் முன் ஒரு முறை தாளை மாற்றினால் காலை நாலரைக்கு ஓரளவு காய்ந்திருக்கும்.