அறுத்த கையோடு விற்காமல் இருக்க: தானியத்தை மூச்சடைத்து வைக்கும் முறை

அறுவடை நேரத்தில் எல்லோரும் ஒன்றாக விற்பதால்தான் விலை விழுகிறது. சில மாதம் தள்ளி விற்கலாம் என்றால் வண்டு விடாது. இதற்கு நான் நம்புவது மூன்றடுக்குப் பைதான்: உள்ளே இரண்டு தடித்த பாலித்தீன் உறை, வெளியே ஒரு சாக்கு. 1980-களின் கடைசியில் கேமரூனில் தட்டைப்பயறுக்காகப் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் உருவாக்கியது.

முதலில் தானியத்தைக் காயவைப்பது. முதல் வருஷம் இதில்தான் கோட்டை விட்டேன்; அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டி வைத்து, பூஞ்சை நாற்றத்தோடு பிரித்தேன். ஈரப்பதம் 13 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மீட்டர் இல்லையா? நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் தானியம், அதில் உலர்ந்த தூள் உப்பு. குலுக்கிக் கால் மணி நேரம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், மறுபடி வெயில்தான். ஒட்டாவிட்டாலும் நான் இன்னொரு நாள் காயப்போடுவேன்.

உறைகளை ஊதிப் பார்த்து ஓட்டை தேடுங்கள். தானியத்தைக் குலுக்கி நிரப்பி, காற்றைப் பிதுக்கி, வாயை முறுக்கி மடித்து, ஒவ்வோர் உறையையும் தனித்தனியாக இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே மாட்டிய வண்டு இருக்கும் ஆக்சிஜனைத் தானே தீர்த்துவிட்டுச் சாகும், மருந்தே வேண்டாம். ஆசைக்குத் திறந்து பார்த்தால் அதற்கு மறுபடி மூச்சு கொடுத்தமாதிரி!

பையைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமேல் அடுக்குங்கள். எலி கடித்தால் எல்லாம் போச்சு.