தக்காளியில் டிஃபென்சின் தேடுவது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கு

பூஞ்சையைத் தடுக்கும் தாவரப் புரதங்களில் டிஃபென்சினில் இருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் 45 முதல் 54 அமினோ அமிலங்கள்தான். கணினி சொல்வது சரியா என்று கையாலேயே எண்ணிப் பார்த்துவிடலாம்.

படி 1: மாதிரி வரிசை. யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் பி30230 (P30230) என்று தேடினால் முள்ளங்கியின் டிஃபென்சினான ஆர்எஸ்-ஏஎஃப்பி2 வரும். நீளம் 80 அமினோ அமிலங்கள். முதல் 29 சிக்னல் பெப்டைடு. புரதத்தைச் செல்லுக்கு வெளியே அனுப்பும் வழியில் அது வெட்டப்பட்டுவிடும். பூஞ்சையைத் தாக்குவது மீதி 51. அதை மட்டும் ஃபாஸ்டா கோப்பாக (வரிசையை எழுத்துகளாக வைக்கும் எளிய உரைக் கோப்பு) சேமியுங்கள்.

இந்த 51-ஐ நிதானமாகப் படித்துப் பாருங்கள். சிஸ்டீன்கள் (கந்தகம் கொண்ட அமினோ அமிலம், எழுத்து C) 4, 15, 21, 25, 36, 45, 47, 51 ஆகிய இடங்களில் இருக்கும். முதலாவது சிஸ்டீன் எட்டாவதோடும், இரண்டாவது ஐந்தாவதோடும், மூன்றாவது ஆறாவதோடும், நான்காவது ஏழாவதோடும் சேர்ந்து நான்கு டைசல்பைடு பிணைப்புகள் (இரண்டு சிஸ்டீன்களின் கந்தகங்களை இணைப்பவை). நேர் மின்சுமை கொண்ட லைசின் 4, ஆர்ஜினின் 3; எதிர் மின்சுமை கொண்ட குளுட்டாமிக் அமிலம் 1. ஆக நிகர மின்சுமை +6. 34-இல் கிளைசின், 36-இல் சிஸ்டீன், நடுவே எட்டு விட்டு 45-இல் மறுபடி சிஸ்டீன்: டிஃபென்சின்களின் அடையாளமான இந்த அமைப்புதான் காமா கோர். இனி கிடைப்பதையெல்லாம் இதோடு ஒப்பிடுவோம்.

படி 2: தேடல். புரத வரிசையைப் புரத வரிசைகளோடு ஒப்பிடும் பிளாஸ்ட்பியில் தக்காளியை (வகைப்பாட்டு எண் 4081) மட்டும் தேர்ந்தெடுங்கள். இ-மதிப்பை (தற்செயலாகவே எத்தனை பொருத்தங்கள் கிடைக்கலாம் என்ற எண்) வழக்கம்போல 10⁻⁵ என்று வைத்தால் உண்மையான டிஃபென்சின்களும் கழிந்துபோகும்; வரிசை குட்டையானது, சிஸ்டீன் தவிர மற்றவை வெகுவாக மாறியிருக்கும். 1 வரை தளர்த்துங்கள், பிறகு சிஸ்டீனை எண்ணி வடிகட்டுங்கள். புரதக் குடும்பத் தரவுத்தளமான பிஃபாமின் பிஎஃப்00304 (PF00304) மாதிரியை வைத்து, ஹம்மர் என்ற மென்பொருளில் தேடுவது இன்னும் நம்பகமானது.

மரபணுப் பட்டியலிலேயே விடுபட்ட சின்ன மரபணுக்களுக்கு, புரத வரிசையை வைத்து டிஎன்ஏவிலேயே தேடும் டிபிளாஸ்ட்என். கிடைக்கும் துண்டில் சிக்னல் பெப்டைடு இல்லையே என்று தூக்கிப்போடாதீர்கள். இந்த மரபணுக்களில் பொதுவாக அந்தப் பகுதிக்குள்தான் இன்ட்ரான் (புரதமாக மாறாமல் நீக்கப்படும் துண்டு) இருக்கும். சிக்னல் பெப்டைடின் மிச்சம் அதற்கு முந்தைய எக்ஸானில் (புரதத்துக்கான குறியீடு உள்ள துண்டு).

படி 3: வெட்டுதல். சிக்னல் பெப்டைடு எங்கே முடிகிறது என்று கணிக்கும் சிக்னல்பி 6.0-இல் யூகேரியா என்று தேர்ந்தெடுத்து, அது காட்டும் இடத்தில் வெட்டுங்கள். தக்காளிக் குடும்பத்தில் சில டிஃபென்சின்களுக்கு எட்டாவது சிஸ்டீனுக்குப் பின்னாலும் ஒரு வால் உண்டு. அது அமிலத்தன்மை கொண்டது. அதையும் வெட்டாமல் மின்சுமை கணக்கிட்டால் நல்ல புரதம்கூடத் தகுதியற்றதாகத் தெரியும். மின்சுமையும் ஐசோஎலக்ட்ரிக் புள்ளியும் (நிகர மின்சுமை பூஜ்யமாகும் pH) கணக்கிடுவது வெட்டியதற்குப் பிறகுதான்.

படி 4: வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தும் மாஃப்ட் மென்பொருளில் அடுக்குங்கள். எட்டு சிஸ்டீன்களும் நெடுவரிசையாக நிற்க வேண்டும்.

படி 5: ஆல்ஃபாஃபோல்டு கணிக்கும் முப்பரிமாண வடிவத்தில் ஒரு ஆல்ஃபா சுருள், மூன்று பீட்டா இழைகள் இருக்கிறதா பாருங்கள். பிஎல்டிடிடி (கணிப்பின் நம்பகத்தன்மையைக் காட்டும் மதிப்பெண், pLDDT) 70-க்குக் கீழே உள்ள பகுதியை நம்ப வேண்டாம்.

அட்டவணையில் ‘பூஞ்சை எதிர்ப்பி’ என்று எழுதாமல் ‘டிஃபென்சின் போன்றது’ என்றே எழுதுங்கள். இதே மடிப்பில் பூச்சியின் அமைலேஸை (மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி) தடுப்பவையும் உண்டு. பூஞ்சை வளர்ப்புத் தட்டில் சோதித்த பிறகே பெயரை மாற்றலாம்.