ஆடிக் காற்றுக்குத் தாங்கும் தொங்கு தொட்டிக் கீரை: செய்முறை

நம்ம திருநெல்வேலிப் பக்கம் தொங்கு தொட்டியில் கீரை போட நினைக்கிறவர்கள் முதலில் பயப்படுவது வெயிலுக்கு. வெயிலைப் பச்சை வலை கட்டிச் சமாளித்துவிடலாம். தொட்டியைக் காயப்போட்டுக் கொல்வது ஆனி, ஆடியில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழி கணவாய்கள் வழியாக மேற்கிலிருந்து மலையைத் தாண்டி வரும் மேல்காற்றுதான். பணகுடிப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதே இந்தக் காற்றை நம்பித்தானே! தரையில் இருக்கும் தொட்டியைச் சுவரும் தரையும் கொஞ்சம் காக்கும். அந்தரத்தில் தொங்குவதற்கு அடி, பக்கம், மேல் எல்லாமே காற்றுதான். அதனால் கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் காற்றை மனதில் வைத்தே சொல்கிறேன்.

இடமும் கொக்கியும்

வீட்டின் கிழக்குப் பக்கம்தான் சரியான இடம். காலை வெயில் கிடைக்கும், மேல்காற்றை வீடே மறித்துக்கொள்ளும். மேற்குப் பக்க பால்கனி மட்டும்தான் இருக்கிறது என்றால், கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கிக் கட்டாமல் அதன் மறைவில் தாழ்வாகத் தொங்கவிடுங்கள்.

பத்து அங்குலத் தொட்டி தண்ணீர் குடித்தபின் ஐந்து கிலோ அளவுக்குக் கனக்கும். கான்கிரீட் கூரை என்றால் டிரில் போட்டு ஆங்கர் கொக்கி மாட்டுங்கள். பழைய வீட்டில் ஊஞ்சல் வளையம் இருந்தால் வேலை மிச்சம். நைலான் கயிறு வெயிலில் இற்றுப்போகும். என் ஓட்டு துத்தநாகம் பூசிய இரும்புச் சங்கிலிக்கு (ஜி.ஐ. சங்கிலி). தொட்டியின் அடி உங்கள் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். கைக்கு எட்டாத தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று யாரும் தினமும் பார்க்கப் போவதில்லை.

கூடையும் மண்ணும்

பிளாஸ்டிக் தொட்டிகளை நான் சொல்ல மாட்டேன். வெயிலில் முதலில் ஒடிவது அவற்றின் மெல்லிய கொக்கிதான். கம்பிக் கூடை, அதற்குள் தேங்காய் நார் விரிப்பு. பார்க்கவும் அழகு, வேருக்குக் காற்றும் கிடைக்கும். ஆனால் நம் ஊரில் அந்த விரிப்பை மட்டும் நம்பக் கூடாது. நாரின் இடுக்கு வழியாகவே காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். அதனால் விரிப்புக்கு உள்ளே கனமான பாலித்தீன் கவரை ஓரம் வரை பரப்பி, அடியில் மட்டும் நாலைந்து ஓட்டை போடுங்கள்.

அதற்கு மேல் ஒரு கதம்பைத் துண்டு. தேங்காய் உரித்தபின் கிடக்குமே, அதுதான். ராத்திரி முழுக்க ஊறவைத்து, நார்ப்பக்கம் மேலே இருக்கும்படி போட்டால் ஒரு சின்ன தண்ணீர்ச் சேமிப்பு தயார்.

மண்கலவை: தென்னைநார்க் கழிவு (கடையில் கட்டியாகக் கிடைக்கும் கோகோபீட்) இரண்டு பங்கு, மட்கிய தொழு உரம் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கரிசல் மண் வேண்டாம். கனமும் அதிகம், காய்ந்தால் வெடிக்கும். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரின் செந்நிறம் வெளிறும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். அதில் உப்பு இருக்கும். அலசாமல் போட்டால் இலை நுனி கருகும். நோய் என்று நினைத்து மருந்து தேடி அலைவீர்கள்.

தண்ணீர்: என்னைப் படுத்தி எடுத்த கட்டம்

தினமும் ஊற்றுகிறோம், அடியில் சொட்டவும் செய்கிறது, செடி மட்டும் வாடுகிறது. இந்தப் புதிர் விடுபட எனக்கு நாளானது. காரணம் இதுதான்: நார்க்கழிவு ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் சுருங்கி ஓரத்தை விட்டு விலகிவிடும், தண்ணீரையும் லேசில் உறிஞ்சாது. மேலே ஊற்றுவது அந்த ஓர இடைவெளி வழியாக நேராகக் கீழே ஓடிவிடும். சொட்டுகிறதே என்று நாம் திருப்தியாக நகர்ந்துவிடுவோம். நடுவில் வேர் இருக்கும் இடம் தூளாகக் கிடக்கும்.

விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். இல்லையென்றால் கூடையை அடியில் கைகொடுத்து லேசாகத் தூக்குங்கள். நனைந்த கனம் கைக்குப் பழகிவிட்டால் அதுவே போதும். காய்ந்திருந்தால் மேலே ஊற்றிப் பயனில்லை. கூடையைக் கழற்றி, அகலமான வாளித் தண்ணீரில் மெதுவாக முக்கி வையுங்கள். குமிழி வருவது நிற்கும்வரை, கால் மணி நேரமோ அதற்குக் கொஞ்சம் கூடவோ ஆகும். பிறகு தண்ணீர் வடியவிட்டு மாட்டுங்கள். அப்புறம் ஓரத்து மண்ணை விரலால் அழுத்தி இடைவெளியை மூடி, மேலே காய்ந்த சருகைப் பரப்புங்கள். காற்றுக் காலத்தில் காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊற்றவே வேண்டாம். அடி ஓட்டை அடைபடாமல் பார்த்தால் சரி.

எதை நடலாம்

புதினாவில் தொடங்குங்கள். மார்க்கெட்டில் வாங்கிய கட்டிலேயே தடித்த தண்டாக எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் வேர் விடும். கொடிப்பசலை இன்னும் நல்லது. வெயில் தாங்கும், தண்டை ஒடித்து நட்டாலே வரும், தொங்கிக்கொண்டே வளரும். வெந்தயக்கீரை மூன்று, நாலு வாரத்தில் பறிக்கலாம். கற்பூரவல்லிக்குத் தண்ணீர் குறைவாகவே போதும். கொத்தமல்லியை மட்டும் சித்திரை வெயிலில் விதைக்காதீர்கள். வந்தாலும் சீக்கிரம் பூத்துவிடும். புரட்டாசிக்குப் பிறகு, விதையை இரண்டாக உடைத்துத் தூவுங்கள்.

உரத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 30 மில்லி பஞ்சகவ்யம் போதும். பறிக்கும் கீரை என்பதால் பறிப்பதற்குச் சில நாள் முன்பே தெளிப்பதை நிறுத்திவிட்டு, நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

பிறகு சேர்த்தது

கூடை காற்றில் சுழன்று கொடி முறுக்கிக்கொள்கிறது என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். கூடையின் அடிக்கம்பியில் ஒரு கயிறு கட்டி, அதை ஜன்னல் கம்பியிலோ பால்கனிக் கம்பியிலோ கொஞ்சம் தளர்வாக முடிந்துவிடுங்கள். ஆடும், ஆனால் சுழலாது.

போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கிறது, என்ன செய்வது என்றும் கேட்டிருந்தார்கள். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் வருகிற வீடு என்றால் அதில் ஒரு குடத்தைச் செடிக்கென்று ஒதுக்குங்கள். அதுவும் இல்லையென்றால் அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரை ஊற்றுங்கள். உப்புப் போட்டு அலசிய தண்ணீர் மட்டும் கூடாது. மழை பெய்யும் நாளில் கூடைகளை வெளியே தூக்கி வைத்து, அடி வழியாக நன்றாக ஓடும்வரை நனையவிட்டால் தேங்கிய உப்பில் பெரும்பகுதி கழுவிப் போய்விடும்.