முதலீட்டுக்கு வீடு வாங்குபவர்கள் கடனில் சறுக்கும் இடங்கள்

வீட்டுக் கடன் கோப்புகளோடு சென்னையின் தென் புறநகரில் அலைவது என் தொழில். இரண்டாவதாக ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட நினைக்கும் இளைஞர்கள்தான் இப்போது அதிகம் வருகிறார்கள். எந்த வங்கியில் கால் சதவீதம் வட்டி குறைவு என்று அட்டவணையே போட்டு வைத்திருப்பார்கள். ஆனால் விற்பவரோடு போட்ட ஒப்பந்தத்தை ஒருமுறைகூட முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள். நானும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தேன் என்பதால் கோபத்தை அடக்கிக்கொள்கிறேன். சிபில் மதிப்பெண்ணைக் கவனியுங்கள், வருமானத்துக்கு மீறிக் கடன் வாங்காதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

கடன் உறுதியாகும் முன்பே முன்பணம் கொடுப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். சம்பளச் சீட்டையும் வருமான வரிக் கணக்கையும் பார்த்து, "உங்களுக்கு 48 லட்சம் வரை கடன் தரலாம்" என்று வங்கி ஒரு கடிதம் கொடுக்கும். அது உங்களுக்குத் தரும் ஒப்புதல். நீங்கள் வாங்கப் போகும் வீட்டுக்கு இல்லை. வங்கியின் வழக்கறிஞர் தாய்ப் பத்திரம் (சொத்தின் பழைய மூலப் பத்திரம்) முதல் வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்) வரை புரட்ட வேண்டும். வங்கியின் பொறியாளர் நேரில் வந்து அளந்து மதிப்புப் போட வேண்டும். இரண்டும் முடியும்வரை அந்தக் கடிதத்தை நம்பி ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது.

மேடவாக்கம் பக்கம் ஒரு தம்பி, மறுவிற்பனைக்கு வந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு ஐந்து லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். "எந்த வங்கியிலும் கடன் கிடைக்கும் சார், போன மாதம்தான் கீழ் வீட்டுக்குக் கொடுத்தார்கள்" என்று தரகர் சொன்னாராம். கீழ் வீட்டுக்குக் கொடுத்தது உண்மைதான். கட்டட அனுமதி வரைபடத்தை விரித்துப் பார்த்தால், தரைத்தளத்துக்கு மேல் இரண்டு மாடிகள் மட்டுமே இருக்கின்றன. மூன்றாம் மாடி பிறகு ஏற்றியது. வங்கி கையை விரித்துவிட்டது. ஒப்பந்தத்தில் 90 நாள் கெடு; அதற்குள் மீதித் தொகையைத் தராவிட்டால் முன்பணம் விற்பவருக்கே. கடன் கிடைக்காமல் போனால் என்ன என்பது பற்றி ஒரு சொல் இல்லை. விற்றவர் மிக மரியாதையாகக் காபி கொடுத்து, அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினார். பல மாத இழுபறிக்குப் பிறகு பாதிப் பணம் வந்தது.

நீதிமன்றம் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். கெடுவுக்குள் மீதியைச் செலுத்தாத ஒருவர் கொடுத்திருந்த 20 லட்சம் ரூபாய் முன்பணத்தை, ஒப்பந்தத்தில் இருந்தபடி விற்பவரே வைத்துக்கொள்ளலாம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஒப்பந்தம் 2007-இல் போட்டது.

எனவே ஒப்பந்தத்தில் இந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்: "ஆவணக் குறைபாடு, கட்டட விதிமீறல் அல்லது மதிப்பீட்டுக் குறைவு காரணமாக வங்கி கடன் தர மறுத்தாலோ குறைத்தாலோ, முன்பணம் முழுவதையும் விற்பவர் 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும்." விற்பவர் முகம் சுளித்தால், அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று பொருள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும்; 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்வது போதாது. முன்பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்றவருக்கு அதே தொகை அபராதமாக வரலாம் என்பதை விற்பவருக்கும் சொல்லுங்கள்.

"80 சதவீதம் கடன்" என்பது எதில் 80?

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. இது உச்ச வரம்பு. மதிப்பு என்பது நீங்கள் பேசி முடித்த விலை அல்ல. பொறியாளர் போடும் மதிப்பு, பத்திரத்தில் எழுதும் விலை இரண்டில் எது குறைவோ, வங்கி பெரும்பாலும் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். 60 லட்சத்துக்குப் பேசிய வீட்டைப் பொறியாளர் 54 என்றால், கடன் 48 லட்சம் இல்லை, 43 லட்சத்து 20 ஆயிரம். "45-க்குப் பத்திரம், மீதி கையில்" என்று விற்பவர் கேட்டால் கடன் 36 லட்சம்தான். 24 லட்சத்தை நீங்கள் புரட்ட வேண்டும். முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து தமிழ்நாட்டில் பொதுவாக 9 சதவீதம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சொத்துக்கு அதை மதிப்போடு சேர்த்துக் கடன் தர மாட்டார்கள்.

கைப்பணத்துக்குத் தனிநபர் கடன்

வங்கி தராத பங்கைப் புரட்ட இதை வாங்க வேண்டாம். அந்தத் தவணையைக் கழித்துத்தான் உங்கள் வீட்டுக் கடன் தகுதியைக் கணக்கிடுவார்கள்.

வாடகை தவணையைக் கட்டிவிடும்

கட்டாது. 48 லட்சம், 8.5 சதவீதம், 20 ஆண்டு என்றால் மாதம் 41,655 ரூபாய். அந்த வீட்டுக்கு அந்தப் பகுதியில் என்ன வாடகை என்று எதிர்த் தெருவில் கேட்டுப் பாருங்கள்.

தவணை மாறவில்லை என்று நிம்மதியாக இருப்பது

வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 2022 மே வரை 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.5. ரெப்போவோடு இணைந்த கடன்களின் வட்டியும் கூடவே ஏறியது. 6.75 சதவீதத்தில் 40 லட்சம் வாங்கியவருக்கு 20 ஆண்டுத் தவணை 30,414 ரூபாய். இரண்டு ஆண்டில் அசல் ஏறக்குறைய 38 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 9.25 ஆனதும் மாத வட்டியே 29,300-ஐத் தொடுகிறது. வங்கி தவணையை உயர்த்தாமல் காலத்தை நீட்டியது. அசல் ஏறக்குறைய அசையவே இல்லை. பலர் இதை இரண்டு ஆண்டு கழித்துத்தான் கவனித்தார்கள். வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. கடிதம் எழுதிக் கேளுங்கள். தனிநபர்கள் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. போனஸ் வந்தால் அங்கே போடுங்கள்.

"சாவி கையில் வரும்வரை தவணை இல்லை"

கட்டுநர் உங்களுக்காக வட்டி கட்டுவார் என்ற திட்டம். கடன் உங்கள் பெயரில்தான் இருக்கும். அவர் நிறுத்தினால் வங்கி உங்களைத்தான் கேட்கும். வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் இத்தகைய திட்டங்களைத் தவிர்க்க வேண்டும் என்று 2019-இல் தேசிய வீட்டுவசதி வங்கி சொன்னது. தில்லியைச் சுற்றிய பகுதிகளில் இப்படிச் சிக்கியவர்களின் வழக்கில், கட்டுநர்களுக்கும் வங்கிகளுக்கும் உள்ள தொடர்பை விசாரிக்க 2025-இல் சிபிஐக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சென்னையில் இதே சலுகை வேறு பெயரில் வந்தாலும் கட்டுநரின் கையெழுத்தை நம்பாதீர்கள்.

அடைத்த கடனை மறப்பது

முழுக் கடனும் அடைந்து 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பரிலிருந்து இது நடைமுறை. பத்திரம் கைக்கு வந்ததும், அடமானம் நீங்கியதற்கான ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் அடைத்த கடன் வில்லங்கச் சான்றில் அப்படியே நிற்கும், அடுத்து வாங்க வருபவரின் வங்கி அதைக் காட்டிக் கோப்பைத் திருப்பி அனுப்பும்.